ரீசன்ராட்: வியன்னாவின் ராட்சத ராட்டினம்

வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1897 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் ராட்டினத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ரீசன்ராட்’. ஜெர்மன் மொழியில் ‘ரீசே’ என்றால் கதைகளில் வரும் ராட்சதன், ‘ராட்’ என்றால் சக்கரம்.

‘ராட்’ என்றதும் நமக்கு ராட்டினம் ஞாபகம் வரும். ஆனால் இரண்டுக்கும் ஒலிதான் ஒன்று. ஜெர்மன் ‘ராட்’, லத்தீனின் ‘ரோத்தா’, சமஸ்கிருதத்தின் ‘ரதம்’ மூன்றும் ஒரே வேரில் வந்தவை. அந்த வகையில் அது நம் தேருக்குத்தான் சொந்தம்! ராட்டினம் வந்த வழி வேறு. கிணற்றில் நீர் இறைப்பதும் ராட்டினம், நூல் நூற்பதும் ராட்டினம். தெலுங்கில் ராட்னம், கன்னடத்தில் ராட்டெ என்று அக்கம்பக்கத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. உழைப்புக் கருவியின் பெயர் அப்புறம் திருவிழாத் திடலுக்கு வந்து, படுக்கைவாக்கில் சுற்றுவது குடை ராட்டினம், மேலும் கீழுமாகச் சுற்றுவது ரங்க ராட்டினம் என்று கிளைத்தது.

ரீசன்ராடைத் தமிழில் சிலர் ‘பெர்ரிஸ் சக்கரம்’ என்று எழுதுகிறார்கள். பெர்ரிஸ் என்பவர் 1893 சிகாகோ கண்காட்சிக்கு முதல் பெரிய சக்கரத்தைக் கட்டிய பொறியாளர். அதை 1906இல் உடைத்துவிட்டார்கள். வியன்னாவில் கட்டியவர் வால்டர் பாசெட் என்ற ஆங்கிலேயர். அவர் லண்டனிலும் பிளாக்பூலிலும் பாரிஸிலும் கட்டியவை இன்று இல்லை, இது ஒன்றுதான் மிச்சம். அதன் மேல் இன்னொருவர் பெயரை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘ராட்சத ராட்டினம்’ என்றாலே போதும். ரீசன்ராடுக்கு அதைவிட நேரான சொல் கிடைக்காது, பத்திரிகைகளிலும் பழகிய சொல்தான்.

உட்காரும் இடத்தை என்ன சொல்வது? நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தில் அது தொட்டில். வியன்னாவில் இருப்பது கூரையும் ஜன்னல்களும் வைத்த, ரயில் பெட்டியைப் போன்ற சிவப்பு அறை. உள்ளே எழுந்து நடக்கலாம். சக்கரம் போகும் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், நம் நடையைவிட மெதுவு. அப்படியே 64.75 மீட்டர் உயரத்துக்குப் போய் வரலாம். இதற்குப் ‘பெட்டி’தான் பொருத்தம்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகத் தெரியும். முதலில் 30 பெட்டிகள் இருந்தன. 1919இல் ராட்டினத்தை வாங்கிய எடுவார்ட் ஷ்டைனர் ஒரு யூதர். நாஜிகள் அதை அவரிடமிருந்து பறித்தார்கள், 1944இல் அவுஷ்விட்ஸ் வதை முகாமில் அவரையும் கொன்றார்கள். அதே ஆண்டு ராட்டினமும் தீப்பிடித்து எரிந்தது. போருக்குப் பிறகு மறுபடி கட்டியபோது 15 பெட்டிகளை மட்டுமே மாட்டினார்கள். இன்றும் 15தான்.