பாக்கெட் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால்

பழைய பாக்கெட் கடிகாரத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். வழவழப்பான எனாமல், நீலமேறிய எஃகு முட்கள், மூடியில் கொடியும் பூவுமாகச் செதுக்கல். எனக்கென்னவோ அதன் அழகெல்லாம் முதுகுப்பக்கம்தான். பின்மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது, இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி ஆடும் ஒரு வளையம். பேலன்ஸ் வீல் என்பார்கள். மற்ற பாகங்களெல்லாம் அதற்கு ஊழியம் செய்பவைதான்.

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு பட்டைச் சுருள்வில் இறுகுகிறது. அதைத் தடுக்க ஆளில்லாவிட்டால் பல்சக்கரங்கள் விர்ரென்று சுழன்று, கொடுத்த சாவியெல்லாம் சட்டென்று தீர்ந்துபோகும். தடுப்பது நங்கூரம் போன்ற ஒரு லீவர். அதன் இரு முனையிலும் சிவப்புக் கல் பதித்திருக்கும். ஆடும் வளையம் நடுவைக் கடக்கும்போதெல்லாம் லீவரைத் தட்டும்; ஒரு கல் விலகிச் சக்கரத்தின் பல்லை விடும், மறு கல் உடனே இன்னொரு பல்லைப் பிடித்துக்கொள்ளும். விடுபடும் பல் போகிற போக்கில் கல்லை லேசாகத் தள்ளிவிட்டுப் போகிறது. அந்தத் தள்ளல்தான் வளையத்தின் ஆட்டம் நிற்காமல் காக்கிறது. 1750களில் லண்டனில் தாமஸ் மட்ஜ் செய்த ஏற்பாடு இது. பிற்காலக் கடிகாரங்களில் பலவும் நொடிக்கு 5 டிக் அடிப்பவை. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 4,32,000.

வளையம் எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்பதை முடிவுசெய்வது, அதன் நடுவில் சுருண்டிருக்கும் மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங். 1675இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதை வெளியிட்டதும், யோசனை தன்னுடையது என்று ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார். இந்த வில் வருவதற்கு முன் பெரும்பாலான கடிகாரங்களில் மணி முள் ஒன்றே இருந்தது. ஓட்டம் அவ்வளவு தாறுமாறு. நிமிட முள் வைத்தும் பயனில்லை.

வில்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஏறினால் எஃகின் விறைப்பு குறையும், ஆட்டம் மந்தமாகும். 1 டிகிரி செல்சியஸ் கூடினாலே நாளுக்குச் சுமார் 10 நொடி பின்தங்கிவிடும்.

இதற்கு 18ஆம் நூற்றாண்டில் கண்ட தீர்வுதான் என்னை அசரவைப்பது. வளையத்தை உற்றுப் பாருங்கள். விளிம்பின் உட்பக்கம் எஃகு, வெளிப்பக்கம் பித்தளை. இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். எதிரெதிரே இரண்டு இடத்தில் வளையம் வெட்டப்பட்டிருக்கும். சூட்டில் பித்தளை எஃகைவிட அதிகம் நீள்வதால், வெட்டிவிட்ட நுனிகள் உள்நோக்கி வளைகின்றன. விளிம்பின் எடை மையத்தை நெருங்க, ஆட்டம் வேகம் பிடிக்கிறது. வில் இழந்ததை வளையம் ஈடுகட்டிவிடுகிறது! விளிம்பைச் சுற்றியுள்ள குட்டித் திருகுகளும் அலங்காரத்துக்கு அல்ல. நுனிப்பக்கம் நகர்த்தினால் இந்த ஈடு கூடும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் குறையும்.

பிறகு சூட்டில் விறைப்பு அதிகம் மாறாத நிக்கல் எஃகு வந்தது. அந்த உலோகக்கலவை ஆய்வுக்காக ஷார்ல் கியோம் 1920இல் இயற்பியல் நோபல் பரிசே பெற்றார். வளையத்தை வெட்டும் வேலையும் படிப்படியாக ஒழிந்தது.

வெட்டு தெரிகிறதே என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம். சில மலிவுக் கடிகாரங்களில் மேலோட்டமாக ஒரு கீறல் மட்டும் போட்டு, திருகுகளையும் சும்மா ஒப்புக்குப் பதித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து, வெட்டு விளிம்பின் மறுபக்கம் வரை போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.