எண்ணெய் வைக்காம வாங்க: மூளையும் கணினியும் தொடும் இடம்

சேலத்தில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தலைமேலிருந்து பதிவுசெய்யும் சோதனை) எடுக்கப் போகிறவர்களுக்கு லேபில் முதலில் சொல்லி அனுப்புவது இதுதான்: "நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்கம்மா." வலிப்பு வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓமலூரிலிருந்து வருகிறவருக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் மூளையைக் கணினியோடு இணைப்பதில் உள்ள சிக்கல் தொடங்குவதே அந்த எண்ணெய்ப் படலம் இருக்கிற இடத்தில்தான்.

நரம்பணுக்கள் மின்சாரத்தில் பேசுகின்றன, சரி. ஆனால் கம்பியில் ஓடுபவை எலக்ட்ரான்கள். உடம்புக்குள் நகர்பவை சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வேதிவினை நடந்தாக வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசாகும் அதே வெள்ளிதான் அதற்குத் தோது. தலையில் ஒட்டும் சின்னக் கிண்ணங்கள் பெரும்பாலும் வெள்ளி; மேலே சில்வர் குளோரைடு பூச்சு. வெள்ளியை உப்புத் தண்ணீரில் வைத்து லேசாக மின்சாரம் செலுத்தினால் சாம்பல் நிறத்தில் அந்தப் பூச்சு ஏறும். (கொலுசு கறுப்பது வேறு சங்கதி, அது கந்தகத்தின் வேலை.) குளோரைடு அயனி வந்து வெள்ளியோடு சேரும்போது ஓர் எலக்ட்ரான் கம்பிக்குள் போகிறது; பிரியும்போது ஒன்று திரும்புகிறது. தோலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உப்புப் பசை வைப்பது இதற்காகத்தான். எண்ணெய் இருந்தால் இந்தக் கைமாற்றல் தடைபடும்.

கிடைக்கும் சிக்னலோ 50 மைக்ரோவோல்ட் அளவு. சுவர்க் கடிகாரத்து பேட்டரியில் 30,000-ல் ஒரு பங்கு! வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் கலக்கும். பல்லைக் கடித்தாலே தசையின் மின்சாரம் அதை மூழ்கடிக்கும். மாணவர்களின் கவனத்தை அளப்பதாகச் சொல்லி விற்கிற தலைப்பட்டைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

1924-ல் ஜெர்மனியின் யெனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலைகளை முதன்முதலில் பதிவுசெய்தார். இவற்றைக் கொண்டு கணினியை இயக்கலாம் என்று 1973-ல் கணினி ஆய்வாளர் ஜாக் விடால் எழுதினார். அப்புறமும் வேகம் கூடவில்லை, குறுக்கே மண்டையோடு. அம்மாபேட்டைத் தெருவில் நின்றால் தறிகள் ஓடுவது கேட்கும்; எந்தத் தறியில் இழை அறுந்தது என்று தெரியாது. அதற்கு உள்ளே போயாக வேண்டும்.

போனார்கள். 2004-ல் அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த மேத்யூ நேகிளின் மூளையில், 4 மில்லிமீட்டர் சதுரத்தில் சுமார் நூறு நுண்ணூசிகள் கொண்ட தகட்டைப் பதித்தார்கள். கையை அசைப்பதாக அவர் நினைக்கும்போது எந்த நரம்பணு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதைக் கணினி கற்றுக்கொண்டு திரையில் கர்சரை நகர்த்தியது. 2021-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், முடங்கிய ஒருவர் பேனாவால் எழுதுவதாக நினைத்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தார். கர்சரை நேர்கோட்டில் நகர்த்துவதைவிட இது வேகமானதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் வளைவு நெளிவு வேறு, அதனால் துடிப்பின் தடமும் வேறு. கணினி குழம்புவது குறைவு.

ஆனால் இங்கே வெள்ளி உதவாது. தோல்மேல் அருமையாக வேலை செய்யும் பொருள் மூளைத் திசுவுக்கு நஞ்சு. ஆகவே பிளாட்டினம், இரிடியம் ஆக்சைடு. அவற்றையும் மூளை சும்மா விடுவதில்லை. ஊசியைச் சுற்றித் தழும்பு வளர்ந்து சிக்னல் மங்குகிறது. தவிர, மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப மூளை அசைந்துகொண்டே இருக்கும், விறைத்த ஊசி அசையாது. நியூராலிங்க் நிறுவனம் முடியைவிட மெல்லிய 64 இழைகளில், சிக்னலைப் பிடிக்கும் 1,024 மின்முனைகளை வைத்தது அதற்காகவே. 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய சில வாரங்களில் இழைகள் பல பின்வாங்கிவிட்டன; மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள்.

சின்க்ரான் நிறுவனம் ஊசியே வேண்டாம் என்றது. கழுத்துச் சிரை வழியாக ஸ்டென்ட் போன்ற வலையை அனுப்பி, மூளையின் உச்சியில் ஓடும் பெரிய சிரைக்குள் விரியவைக்கிறது. மண்டையைத் திறக்கத் தேவையில்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு முறை உடனே புரியும். ஆனால் மின்முனைகள் 16-தான், அவையும் மூளையைத் தொடாமல் சிரைச் சுவருக்கு உள்பக்கமே. திரையில் ஒரு பொத்தானைச் சொடுக்க அது போதும். பேச்சைப் பிரித்தறிய இன்னும் போதவில்லை.