பெட்ரோலோடு பேட்டரியை எடை போடும் முன்

மின் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். "என்ன இருந்தாலும் பெட்ரோல் மாதிரி வருமா சார்?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. எடைக்கு எடை என்றால் வராதுதான். ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல். ஒரு கிலோ பேட்டரியில், பெட்டி, வயர் எல்லாம் சேர்த்து நிறுத்தால், 0.15 யூனிட் இருந்தாலே நல்லது. 80 மடங்கு வித்தியாசம்! எரிவதற்கான ஆக்சிஜனைப் பெட்ரோல் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பேட்டரி தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே சுமக்கிறது.

ஆனால் அதில் சக்கரத்துக்கு வந்து சேருவது எவ்வளவு? லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர், அந்த லிட்டரில் உள்ள சுமார் 9 யூனிட்டையும் தீர்த்துவிடுகிறது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்மணி; ஆக கி.மீ.க்கு 200 வாட்‌மணி. பெரும்பங்கு இன்ஜின் சூடாகவே போய்விடும். மின் ஸ்கூட்டருக்கு ஊருக்குள் 30 வாட்‌மணி போதும். அப்படிப் பார்த்தால் 80 மடங்கு 12 மடங்காகச் சுருங்குகிறது. நெடுந்தூர லாரிக்கு இதுவும் பெரிய சுமைதான். தினம் 40 கி.மீ. போய்வருகிறவருக்கு 3 யூனிட் பேட்டரி தாராளம்.

என் கவலை வேறு. "அதே பெட்டியில் ரேஞ்சைக் கூட்டித் தர்றோம்" என்று சிலர் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லை எடுத்துவிட்டு என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) செல்லைப் போட்டுவிடுகிறார்கள். என்.எம்.சி.யில் ஆற்றல் அடர்த்தி அதிகம், உண்மை. ஆனால் சூடு தாங்குவதிலும் ஆயுளிலும் எல்.எஃப்.பி.தான் கெட்டி. நம் வெயிலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்படி மாற்றிய ஒரு பேட்டரி என் மேசைக்கு வந்தது. செல்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர் ஒரு மூலையில் உருகி, செல்லின் உறை சுருங்கிக் கிடந்தது. பழைய சார்ஜரையே போட்டிருக்கிறார்கள். 20 எல்.எஃப்.பி. செல்களை வரிசையாக இணைத்தாலும் 16 என்.எம்.சி. செல்களை இணைத்தாலும் கடையில் பெயர் '60 வோல்ட்'தான். ஆனால் முன்னதன் சார்ஜர் 73 வோல்ட் வரை ஏற்றும், பின்னது 67.2க்கு மேல் தாங்காது. 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய செல்லுக்கு 4.5க்கு மேல் போகும். தடுக்க வேண்டியது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ்.; அதையும் துண்டித்து வைத்திருந்தார்கள்.

பேட்டரி மாற்றினால் அதற்குரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். மின் இருசக்கர வாகன பேட்டரிக்கான பாதுகாப்புத் தரமான ஏ.ஐ.எஸ்.-156 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுச் சார்ஜரைத் திருப்பி, 'அவுட்புட்' என்ற வரியில் உள்ள வோல்ட்டும் பேட்டரி ஸ்டிக்கரில் உள்ள உச்ச சார்ஜ் வோல்ட்டும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இன்று இரவு சார்ஜ் போட வேண்டாம்.