நார்மாலிட்டி: 'இயல்புநிலை' அன்று, 'சமானச் செறிவு'

ஒரு லிட்டர் கரைசலில் கரைபொருளின் கிராம் சமான நிறைகள் (வினையில் ஒரு ஹைட்ரஜன் அயனிக்கோ ஒரு எலக்ட்ரானுக்கோ ஈடாகும் நிறைகள்) எத்தனை அடங்கியுள்ளன என்பதைக் கூறும் அளவே நார்மாலிட்டி. பொதுப்பொருளைக் கொண்டு இதை 'இயல்புநிலை' என்று தமிழாக்கினால், மனநிலையையோ உடல்நிலையையோ குறிக்கும் சொல்தான் கிடைக்குமே தவிர, ஒரு கரைசலின் செறிவைப் பற்றி அது எதையும் உணர்த்தாது.

இலத்தீனில் 'நார்மா' என்பது தச்சர் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின் பெயர். அதிலிருந்து பிறந்த 'நார்மாலிஸ்' என்னும் சொல் முதலில் மூலைமட்டத்துக்குப் பொருந்தியதைக் குறித்து, பின்னர் விதித்த அளவுக்கு ஒத்தது என விரிந்தது. 'வழக்கமானது' என்ற பொருள் அதற்கும் பிற்பட்டது. (கணிதத்தில் நாம் செங்கோடு என்பதை ஆங்கிலத்தார் நார்மல் என்பதில் அந்த மூலைமட்டம் இன்னும் ஒளிந்திருக்கிறது.) வேதியியல் எடுத்துக்கொண்டது இடைப்பட்ட பொருளை. ஜெர்மானிய வேதியியலர் ஃபிரீட்ரிக் மோர் தரம்பார்த்தல் பற்றி, அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு மற்றொன்றின் செறிவை அளப்பது பற்றி, 1855இல் வெளியிட்ட நூலின் வழியே நார்மல் கரைசல்கள் பரவலாயின. நார்மல் அமிலமும் நார்மல் காரமும் சம பருமனில் சேர்ந்தால் ஒன்றையொன்று மிச்சமின்றி நடுநிலையாக்கும்படி வரையறுத்து ஆக்கப்பட்டவை என்பதே அப்பெயரின் கருத்து. ஆகவே, ஆய்வகப் பேச்சில் நார்மாலிட்டி என்பதே நிலைத்திருந்தாலும், 'சமானச் செறிவு' என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல் என்று கருதுகிறேன்.

கணக்கு கடினமன்று. நீரேறிய ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 126. அது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால் சமான நிறை 63. எனவே 250 மில்லிலிட்டர் டெசிநார்மல், அதாவது 0.1 நார்மல், கரைசலுக்கு 63 × 0.1 × 0.25 = 1.575 கிராம் வேண்டும். இதைக் குறைந்த நீரில் கரைத்த பிறகே 250 மில்லிலிட்டர் குறி வரை நீர் சேர்க்க வேண்டும். 250 மில்லிலிட்டர் நீரை முதலிலேயே அளந்து அதில் அமிலத்தைப் போட்டால் கரைசலின் பருமன் மாறிவிடும். தரம்பார்க்கையில் இரு கரைசல்களின் நார்மாலிட்டி, பருமன் ஆகியவற்றின் பெருக்கல்தொகைகள் சமமாகும்: இந்த அமிலத்தின் 20 மில்லிலிட்டருக்கு 25 மில்லிலிட்டர் காரம் செலவானால், காரத்தின் நார்மாலிட்டி 0.08.

சிக்கல் ஆக்சிஜனேற்ற வினைகளில்தான் தலைகாட்டுகிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158 ஆயினும், அமில ஊடகத்தில் அது 5 எலக்ட்ரான்களை ஏற்பதால் சமான நிறை 31.6, நடுநிலை ஊடகத்தில் 3 எலக்ட்ரான்களையே ஏற்பதால் ஏறத்தாழ 52.67. வினையைச் சொல்லாமல் நார்மாலிட்டியை மட்டும் சொல்வது குழப்பம் தரும் என்பதால், பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் இவ்வளவின் பயன்பாட்டை ஊக்குவிப்பதில்லை. சமானச் செறிவு என்ற பெயரோ, 'எந்த வினையில் சமானம்?' என்ற கேள்வியைக் கேட்டவுடனேயே எழுப்பிவிடுகிறது. அமில ஊடகத்துக்கென 0.1 நார்மல் என்று ஒட்டுச்சீட்டில் எழுதிவைத்த பெர்மாங்கனேட் கரைசல், நடுநிலை ஊடகத்தில் 0.06 நார்மல் மட்டுமே.