ஒளிபுகு பீங்கான்: சொல்லும் பொருளும்

பொருளறிவியலார் 'டிரான்ஸ்பரன்ட் செராமிக்' என்று வழங்கும் சொற்றொடருக்கு 'ஒளிபுகு பீங்கான்' என்பதே தகுந்த தமிழ் என்பது என் கருத்து. இவ்வகைப் பொருள்களுள் பெயர்பெற்ற அலுமினியம் ஆக்சிநைட்ரைடை (அலுமினியம், ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த சேர்மம்) செய்திகளில் 'ஒளி ஊடுருவும் அலுமினியம்' என்றும் 'குண்டு துளைக்காத கண்ணாடி' என்றும் எழுதிவிடுகிறார்கள். அது உலோகமும் அன்று, கண்ணாடியும் அன்று.

'செராமிக்' என்பதன் வேர் 'கெராமோஸ்' என்னும் கிரேக்கச் சொல். குயவரின் களிமண்ணையும் அதைச் சுட்டுச் செய்த கலத்தையும் அது குறித்தது. ஏதென்ஸ் நகரில் குயவர் வாழ்ந்த பகுதிக்குக் கெராமெய்க்கோஸ் என்றே பெயர். நம்முடைய 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அது கிண்ணத்தைக் குறித்தது. ஆனால் கடலூர் மாவட்டத்தில் இச்சொல் கிண்ணத்தோடு நின்றுவிடவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பெட்டிக்குரிய பீஸ் கட்டை எல்லாமே பீங்கான்தான். 'சுடுமண்' என்பது இனிய சொல்லே. எனினும் அதற்குள் மண் இருக்கிறது. களிமண்ணே சேராத ஒரு பொருளுக்கு அதை இட்டால் சொல்லே பொய் சொல்லும். இன்றைய அறிவியல், உலோகமோ கரிமப் பொருளோ அல்லாத, வெப்பத்தால் இறுக்கப்பட்ட திண்மங்களையெல்லாம் செராமிக் என்கிறது. தமிழ்க் காதுக்கு எந்த மூலப்பொருளையும் நினைவூட்டாத 'பீங்கான்' அவ்வளவு தூரம் விரிந்து கொடுக்கும்.

அப்படியானால் பீங்கான் ஏன் வழக்கமாக ஒளியை விடுவதில்லை? உடைந்த பீஸ் கட்டையின் விளிம்பைப் பாருங்கள். மேலே பூச்சு பளபளக்கும். உள்ளே, உடைந்த முகம் மாவு போல் வெளுத்து, பளபளப்பில்லாமல் இருக்கும். மரக்காணத்து உப்பளத்தில் தனிக் கல்லுப்பு ஏறக்குறையத் தெளிவாகவும், குவியல் வெள்ளையாகவும் தெரிவதற்கான காரணமே இங்கும் பொருந்தும்: எண்ணற்ற பரப்புகளில் ஒளி பட்டுச் சிதறுகிறது. பீங்கானுக்குள் அப்பரப்புகள் நுண்துளைகளின் சுவர்களும் படிகமணிகளின், அதாவது அதில் நெருங்கி ஒட்டியிருக்கும் நுண்படிகங்களின், எல்லைகளும் ஆகும். கன அளவில் நூறில் ஒரு பங்கு நுண்துளை இருந்தாலே பொருள் மங்கிவிடும்.

இந்தத் தடையை முதலில் தளர்த்தியவர் இராபர்ட் கோபிள். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், அலுமினா எனப்படும் அலுமினியம் ஆக்சைடுத் தூளில் மிகச் சிறிதளவு மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துச் சுட்டால் துளைகள் அநேகமாக முழுவதும் வெளியேறிவிடுவதைக் காட்டினார். எல்.இ.டி. வருவதற்கு முன் நெடுஞ்சாலைகளில் பொன்மஞ்சளாய் எரிந்த உயர் அழுத்தச் சோடியம் விளக்குகளின் உட்குழாய் இந்தப் பொருளால் ஆனது. சூடான சோடியம் ஆவி சிலிக்கா கண்ணாடியை அரித்துவிடும், அலுமினாவை அரிக்காது. ஆயினும் அதன் வழியே வெளிச்சம் வருமே தவிர, மறுபக்கத்து உருவம் தெளிவாகத் தெரியாது. பள்ளிப் பாடநூல்கள் 'ஒளி கசியும்' என்று பிரித்துச் சொல்வதற்கேற்ப, இதை 'ஒளிகசி பீங்கான்' எனல் வேண்டும்.

அலுமினியம் ஆக்சிநைட்ரைடு உண்மையிலேயே ஒளிபுகு பீங்கான். இதன் படிக அமைப்பு கனசதுரமானது, எத்திசையிலும் ஒளிவிலகல் எண் ஒன்றே (ஏறத்தாழ 1.79) ஆதலால், துளைகள் நீங்கிவிட்டால் மணி எல்லைகளில் ஒளி சிதற இடமில்லை. 1979இல் மெக்காலி, கார்பின் என்னும் ஆய்வாளர்கள் இது உருவாகும் நிலைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். தூளை அச்சில் அழுத்தி, 1850 டிகிரி செல்சியசுக்கும் மேல் சுட்டு, வைரத் தூளால் மெருகேற்றுகிறார்கள். சிலிக்கா கண்ணாடியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமான இப்பொருள், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேலும், அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் கடத்துகிறது. ஆகவேதான் ஏவுகணையின் முகப்புக் கவிகைக்கும், உணர்கருவிச் சாளரங்களுக்கும், கவச ஊர்திகளின் சன்னல் அடுக்கில் வெளி முகத்துக்கும் இதைத் தேர்கிறார்கள். கவசத்தில் இதன் பின்னே கண்ணாடியும் பாலிகார்பனேட் என்னும் நெகிழியும் இருக்கும்; குண்டைச் சிதைப்பது பீங்கான், சிதறலைத் தாங்குவது பின்னடுக்கு. விலைதான் பரவலைத் தடுக்கிறது.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். கண்ணாடியின் அணுக்கள் ஒழுங்கற்று உறைந்தவை. படிகத்தின் அணுக்கள் வரிசை பிசகாதவை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணியும் படிகக்கல் மணியும் ஒருங்கே கிடைத்தன. ஒளி இரண்டிலும் புகும், இனம் வேறு. கைக்கடிகாரத்தின் 'சஃபையர் கண்ணாடி'யும் கண்ணாடியன்று. தூளைச் சுட்டு இறுக்காமல், உருக்கி வளர்த்த ஒற்றைப் படிகம் என்பதால் ஒளிபுகு பீங்கானும் அன்று. அது அலுமினியம் ஆக்சைடு, கனிமவியலில் 'கொரண்டம்'. மாணிக்கமும் நீலமும் அக்கனிமத்தின் வகைகளே. அப்பெயரோ சாணை பிடிக்கப் பயன்பட்ட நம் 'குருந்தம்' என்னும் கல்லின் பெயரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அதைச் 'சஃபையர்' என்று எழுதுவதைவிடக் 'குருந்தப் படிகம்' என்று எழுதலாம்.