தொட்டால் உதிரும் கல்

"அரூர்ப் பக்கம் எடுத்தது சார், கிராஃபைட்தானே?" என்று ஒரு கல்லூரி மாணவர் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் ஒன்றை நீட்டினார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈயப் பளபளப்பு ஒட்டியிருந்தது. மீதியை அவருடைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு போய்விட்டது. சாருக்குக் காட்டப் போகிறோமே என்று முந்தின இரவு தேய்த்துக் கழுவியிருக்கிறார்!

அது மாலிப்டினைட். மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் பாறைக்குள் நரம்பு போல ஓடும் குவார்ட்ஸில் கிடைக்கிறது. சிவகங்கை கிராஃபைட்டைப் போலவே விரலில் கறை பிடிக்கும், காகிதத்தில் எழுதும், வழுக்கும். குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1778-இல் ஷீலே என்ற வேதியியலாளர் பிரித்துக் காட்டும்வரை ஐரோப்பாவிலும் இதே குழப்பம்தான்.

தனியாகக் கிடைத்தால் எடையே சொல்லிவிடும்: மாலிப்டினைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 4.7, கிராஃபைட்டுக்கு 2.2. கல்லில் ஒட்டிய செதில் என்றால் பளபளப்பான பீங்கான் தட்டில் லேசாக இழுத்துப் பாருங்கள். பச்சை கலந்த சாம்பல் கோடு விழுந்தால் மாலிப்டினைட். பக்கத்தில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் அது மாலிப்டினைட் சிதைந்து உண்டானதாக இருக்கலாம்; அதையும் துடைத்துவிடாதீர்கள்.

கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் மாலிப்டினைட்டுக்கு 1 முதல் 1.5 வரைதான். நகம்கூட 2.5. அபிரகத் தகட்டை வளைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இது வளைந்தது வளைந்ததுதான். அதனால் செதிலை நெம்பி எடுக்கக் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டுக் குவார்ட்ஸோடு உடைத்தெடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பஞ்சில் பொதிய வேண்டாம், நூல் சிக்கிச் செதிலை உரிக்கும். மெல்லிய டிஷ்யூ தாள், அப்புறம் ஆடாத ஒரு டப்பா. தூசியா? கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்து போதும். நெருப்பில் காட்டிச் சோதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், கந்தக டை ஆக்சைடு வரும்.

நில உரிமையாளரிடம் கேட்காமல் எடுப்பதும் கைவிட்ட குழிக்குள் இறங்குவதும் கூடவே கூடாது.

உடைந்த கல்லைக்கூட மன்னிக்கலாம், எடுத்த இடத்தை எழுதிய சீட்டு இல்லாத கல்லை என்ன செய்வது? இந்தக் கனிமத்தில் ரீனியம் என்ற அரிய உலோகம் கொஞ்சம் இருக்கிறது. அது மெல்ல ஆஸ்மியம் என்ற வேறொரு உலோகமாக மாறுவதை அளந்து தாது உருவான காலத்தையே கணக்கிடுகிறார்கள். எடுத்த இடம் தெரியாவிட்டால் அந்த வயதை எந்தப் பாறையோடு சேர்ப்பது?

மாணவரிடம் இடத்தைக் கேட்டேன். கிணறு வெட்டிப் போட்ட கல் குவியலில் எடுத்தாராம். எந்தக் கிணறு என்றேன்.

"அன்றைக்கு மூன்று ஊர் சுற்றினோம் சார்."