‘சுயகருத்து’ அன்று, ‘தன்னுரு’

உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சி வகுப்பொன்றில் இருவர் நடித்துக் காட்டிய உரையாடலைக் கேட்க நேர்ந்தது. துணையாளராக நடித்தவர் கையேட்டில் உள்ளபடியே, “உங்கள் சுயகருத்து எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். துணைநாடி வந்தவராக நடித்த பெண் சற்றே யோசித்து, “அவரோடு இனிப் பேசாமல் இருப்பதே நல்லது என்பதுதான் என் கருத்து” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கோ அந்தப் பெண்ணின் தமிழில் எந்தப் பிழையும் தெரியவில்லை.

ஆங்கிலத்தின் ‘செல்ஃப் கான்செப்ட்’ என்பதைத்தான் கையேடுகள் இப்படிப் பெயர்க்கின்றன. ‘சுயம்’ வடமொழியின் ‘ஸ்வயம்’. ‘தானே’ என்பது அதன் பொருள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1959-இல் தம் கோட்பாட்டைத் தொகுத்து எழுதியபோது, ஒருவர் தம் இயல்புகளையும் பிறரோடும் வாழ்க்கையோடும் தமக்குள்ள உறவுகளையும் எப்படி உணர்கிறார், அவற்றுக்கு என்ன மதிப்பு அளிக்கிறார் என்பவை ஒழுங்குற அமைந்த முழு வடிவத்தையே ‘செல்ஃப் கான்செப்ட்’ என்னும் பெயரால் குறித்தார்.

சுயதொழில், சுயபுத்தி, சுயசிந்தனை என்று நாம் சொல்லும்போது ‘சுய’ என்பது ‘சொந்த’ என்றே பொருள்படுகிறது. ஆகவே சுயகருத்து என்றால் இரவல் வாங்காத சொந்தக் கருத்து. சுயமரியாதையும் சுயவிமர்சனமும் தன்னை நோக்கியவை அல்லவா என்று கேட்பார்கள், கேள்வி நியாயமானதே. ஆனால் மரியாதையும் விமர்சனமும் ஒருவரை நோக்கிச் செல்பவை, அதனால் அங்கே ‘சுய’ எளிதில் செயப்படுபொருளாகிவிடுகிறது. கருத்து என்றதும் ‘யாருடையது’ என்ற கேள்விதான் முதலில் எழுகிறது, ‘யாரைப் பற்றியது’ என்பது பிறகுதான். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. குழந்தை பெற்றோரின் அன்பை இழந்துவிடாதிருக்க அவர்களது மதிப்பீடுகளைத் தன்னுடையவையாகவே விழுங்கிக்கொள்கிறது என்பதும், அப்படி உருவான சித்திரம் அதன் நேரடி அனுபவத்தோடு முரண்படுவதே உளத்துன்பத்தின் வேர் என்பதும் ராஜர்ஸ் கோட்பாட்டின் மையம். “நான் எதற்கும் லாயக்கில்லை” என்பவர் பெரும்பாலும் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார். அந்த இரவல் சரக்குக்குப் போய்ச் ‘சுயகருத்து’ என்று பெயரிட்டால், கோட்பாடு சொல்வதற்கு நேர் எதிரானதைச் சொல் சொல்லிவிடுகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இதைத் ‘தற்கருத்து’ என்று மாற்றி எழுதுகிறார்கள். வடசொல் போயிற்று, பிழை போகவில்லை; நோய் ‘சுய’த்தில் இல்லை, ‘கருத்தில்’ இருக்கிறது. மனத்தில் தன்னைப் பற்றி வரைந்து வைத்திருக்கும் உரு என்னும் பொருளில் ‘தன்னுரு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தன் உடலின் தோற்றம் என்று சிலர் முதலில் கொள்ளக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஒரு வரி விளக்கத்தில் அது தீர்ந்துவிடும். தவிர, ‘தன்’ என்னும் அடிக்கு ஒரு வசதி உண்டு. அறியும் நானையும் அறியப்படும் என்னையும் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் பிரித்துக் காட்டினார். தமிழோ ‘தன்னைத்தான்’ என்று அவ்விரண்டையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து நிறுத்திவிடுகிறது.

இந்தக் கையேடுகளில் அவலம் இதோடு நிற்பதில்லை. உளவியலாளர் மாஸ்லோ பேசிய உள்ளாற்றல் மலர்ச்சி (‘செல்ஃப் ஆக்சுவலைசேஷன்’) ‘தன்னிறைவு’ ஆகிவிடுகிறது, ஏதோ உணவு உற்பத்தியைப் பற்றிப் பேசுவதுபோல. ஃபிராய்டு ஜெர்மன் மொழியில் ‘நான்’ என்று மட்டுமே எழுதியது, ஆங்கிலத்தில் லத்தீனின் ‘ஈகோ’வாகி, தமிழுக்கு வரும்போது ‘அகந்தை’ என்னும் குற்றச்சாட்டாக மாறியிருக்கிறது. மூலத்தின் ஒரு பத்தியையாவது படித்துவிட்டு மொழிபெயர்த்தால் இவற்றில் பாதி நேர்ந்திருக்காது. அகராதியை மட்டும் திறந்தவர்களின் கைவண்ணம் இது.

தன்னுருவும் வகுப்புக்கும் தேர்வுத்தாளுக்கும் உரிய சொல்தான். துணைநாடி வந்தவரிடம், “உங்களை நீங்கள் எப்படிப்பட்டவராகப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தால், அந்தப் பெண் வேறு விடை சொல்லியிருப்பார்.